மறு: வர்க்கமற்ற எண்ணா, வேறு சொல்லா?

வணக்கம்.

எந்த முதன்மைக் காரணியும் (1 ஐ விடப் பெரியதாய், 1 ஆலும் தன்னாலும் மட்டும் மீதியின்றி வகுபடும் காரணி) இரண்டு தடவை வராத எண்ணுக்கு, அதாவது 30 = 2×3×5 போன்றவற்றுக்கு, "வர்க்கமற்ற எண்" என்று அண்ணை முன்மொழிந்திருந்தார். வாசித்ததும் எனக்கு மே தின மேடைதான் ஞாபகம் வந்தது. அதை விடுவோம், உண்மையான சிக்கல் 12. அது நிறைவர்க்கம் (4 = 2×2, 9 = 3×3 போல ஒரு முழு எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவது) இல்லை என்பதால் "வர்க்கமற்றது" என்று பிள்ளை எழுதிவிடும். ஆனால் 12 = 2×2×3. உள்ளே ஒரு 4 ஒளிந்திருப்பதால் அது இந்தக் கூட்டத்தில் சேராது. "வர்க்கமிலி" என்றாலும் இதே குழப்பம்தான்.

இங்கே திருகோணமலையில் என் ரியூசன் பிள்ளைகளிடம் இதைப் போட்டுப் பார்த்தேன். 6 ஐ 35 ஆல் பெருக்கினால் 210, அது 2×3×5×7. சரி, இனி 6 ஐ 10 ஆல் பெருக்குங்கள் என்றேன். 60 ஐ 2×2×3×5 என்று பிரித்ததும் பின் வாங்கிலிருந்து ஒரு குரல்: "சேர், 2 திரும்பவும் வந்திட்டுது!"

திரும்ப வருவது மீள்வதுதானே? இலக்கம் திரும்பத் திரும்ப வரும் 0.333... போன்றவற்றை "மீளும் தசமம்" என்று ஏற்கெனவே சொல்கிறோம். ஆகவே என் முன்மொழிவு: மீளாக்காரணி எண். "மீளா எண்" என்று சுருக்க வேண்டாம், அது மீளாத்துயில் போல ஒலிக்கிறது.

தமிழ்நாட்டு நண்பர்களின் "பகா எண்" மீது எனக்குப் பொறாமை உண்டு. சொல்லே வேலையைச் சொல்லிவிடுகிறது. எங்கள் பாடப்புத்தகத்தில் அது "முதன்மை எண்". "அப்ப முதன்மை எண் 1 தானே சேர்?" என்று யாராவது கேட்காத வருடமில்லை. 1 தான் அதில் சேரவே சேராதது! கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் ஒன்றொன்றாக அல்லாமல் சமமாகப் பங்கிட்டுக் காட்டு, முடியாது, அதனால் 7 முதன்மை எண் என்று சொல்லித்தான் தப்புகிறேன்.

"முதன்மை" என்ற அடையை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். "மீளா முதன்மைக் காரணி எண்" என்று எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். முதன்மைக் காரணிகளைத்தான் பார்க்கிறோம் என்று வரைவிலக்கணத்தில் சொன்னால் போதும்.

20 வரை பார்த்தால் 4, 8, 9, 12, 16, 18, 20 ஆகியவை மட்டும் வெளியே, மற்றப் பதின்மூன்றும் உள்ளே. 1 உம் உள்ளேதான். அதற்கு முதன்மைக் காரணியே இல்லை, பிறகு மீள எது இருக்கிறது? வெளியே நிற்பவற்றுக்கு "மீள்காரணி எண்" என்று வைக்கலாமா?