தானியத்துக்கும் சைலேஜுக்கும் ஒரே மக்காச்சோள ரகம் போதுமா? உதவி தேவை

ஆலத்தூர்க்காரன்:
வணக்கம். மக்காச்சோளத்தில் ஒரு பகுதியை மணியாக விற்கவும், மீதியைத் தட்டையோடு வெட்டி மாடுகளுக்கு சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்துச் சேமிக்கும் தீவனம்) போடவும் எண்ணியிருக்கிறேன். இரண்டுக்கும் ஒத்துவரும் வீரிய ஒட்டு ரகம் எது? நாளை காலையில் விதைக் கடைக்குப் போகிறேன்.

செம்மண்:
எத்தனை ஏக்கர், கிணற்றுப் பாசனமா மானாவாரியா, எத்தனை கறவைகள் என்று எதையும் நீங்கள் சொல்லவில்லையே. புரட்டாசி மழையை நம்பிக் கரிசலில் விதைப்பவருக்கும் தண்ணீர் கட்டி வளர்ப்பவருக்கும் ஒரே ரகத்தைச் சொல்ல முடியாது.

பால்பண்ணை:
யோசிக்கவே வேண்டாம், தீவன மக்காச்சோள ரகமான ஆப்பிரிக்கன் டால் போடுங்கள். ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், இலையும் அதிகம். என் மாடுகள் தண்டைக்கூட மிச்சம் வைப்பதில்லை.

முன்னத்தி ஏர்:
இந்த அடிப்படையைப் பலமுறை விளக்கிவிட்டேன். பழைய பதில்களைப் படித்துவிட்டுக் கேட்பது நல்லது. சைலேஜில் மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய பாதி கதிரின் மணியிலிருந்துதான் வருகிறது. உயரத்தைப் பார்த்து ரகம் வாங்குகிறவர் எடையைத்தான் வாங்குகிறார். நன்றாகக் கதிர் பிடிப்பதும், மணி முற்றும்போதும் தட்டை பச்சை மாறாமல் நிற்பதும், காற்றில் சாயாததுமான தானிய ஒட்டு ரகமே சைலேஜுக்கும் ஏற்றது.

பால்பண்ணை:
நான் தினமும் பால் கறந்து பார்த்துச் சொல்கிறேன் ஐயா. பச்சையாக வெட்டிப் போடுவதற்கு ஆப்பிரிக்கன் டாலை மிஞ்ச எதுவும் இல்லை.

முன்னத்தி ஏர்:
பச்சையாகப் போடுவதற்கு நானும் அதை மறுக்கவில்லை. இங்கே கேள்வி சைலேஜைப் பற்றியது.

ஆலத்தூர்க்காரன்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். மூன்று ஏக்கர், கிணற்றுப் பாசனம், ஆறு கறவைகள்.

செம்மண்:
அப்படியானால் கணக்கு எளிது. மாட்டுக்கு நாளொன்றுக்கு 15 கிலோ வைத்தால் ஆறு மாட்டுக்கு 90 கிலோ, 100 நாளைக்கு 9 டன். பாசனத்தில் நன்றாக வந்த ஒரு ஏக்கரே இதற்குப் போதும். மூன்று ஏக்கரிலும் ஒரே தானிய ரகத்தை, ஏக்கருக்கு 8 கிலோ விதை வீதம், 60க்கு 25 செ.மீ. இடைவெளியில் ஊன்றுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 6 ஒட்டு ரகம் 110 நாள் வயதுடையது, அதையும் விசாரியுங்கள். எதை வாங்கினாலும், உங்கள் ஊரில் அதே ரகத்தை வைத்தவர் வயலில் அறுவடை நேரத்தில் தட்டை எப்படி நின்றது என்று கேட்டறிந்து வாங்குங்கள்.

ரகத்தைவிட வெட்டும் நாள் முக்கியம். கதிரை நடுவில் ஒடித்து மணியைப் பாருங்கள்; மேலே மஞ்சள் மாவும் அடியில் வெள்ளைப் பாலும் சந்திக்கும் கோடு மணியின் பாதியைத் தாண்டியிருந்தால் வெட்டலாம். நறுக்கியதை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழியும்போது விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். கையைத் திறந்ததும் உருண்டை மெல்லப் பிரிந்தால் பதம் சரி. மற்ற இரண்டு ஏக்கரை மணியின் அடியில் கரும்புள்ளி விழுந்து, உறை காயும்வரை விட்டுவிடுங்கள்.

கரிசல்:
குருத்தைத் தின்னும் படைப்புழுவை யாருமே சொல்லவில்லையே. 2018இல் அது நம் நாட்டுக்குள் வந்த பிறகு, முளைத்த முதல் வாரத்திலிருந்தே குருத்தைப் பிரித்துப் பார்க்காதவருக்கு எந்த ரகமும் கைகொடுப்பதில்லை. மருந்து அடிக்க நேர்ந்தால், அதன் காத்திருப்புக் காலம் (அடித்த பின் அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்கள்) முடியாமல் சைலேஜுக்கு வெட்டாதீர்கள்.

ஆலத்தூர்க்காரன்:
அனைவருக்கும் நன்றி. பக்கத்து வயல்காரர் சென்ற முறை வைத்த ரகத்தின் தட்டை கடைசிவரை பச்சையாக நின்றதாம். அதையே 24 கிலோ வாங்கிவிட்டேன்.