சித்தப்பா எப்படி இறந்தார் என்று மகளிடம் சொல்லலாமா?

மாடிப்படி:
என் மகளுக்கு 16 வயது. பள்ளியில் பரம்பரை பற்றிப் பாடம் நடக்கிறது. குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கட்டம் போட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். தாத்தாவுக்குச் சர்க்கரை, பாட்டிக்கு ஆஸ்துமா என்று எழுதிக்கொண்டே வந்தவள் சித்தப்பா கட்டத்தில் நின்றுவிட்டாள். மாரடைப்பு என்றுதான் இத்தனை வருடமாகச் சொல்லி வைத்திருக்கிறோம். "23 வயதில் மாரடைப்பா அம்மா?" என்றாள். ஏதோ வேலை இருப்பது போல எழுந்து போய்விட்டேன்.

கொழுந்தனாருக்கு இருமுனைக் கோளாறு இருந்தது, மனம் சில காலம் அளவுக்கு மீறித் துள்ளும், சில காலம் அடியோடு சோர்ந்துவிடும். தற்கொலையால் இறந்தார். மாமியாரின் அக்காவும் அப்படித்தான் போனார் என்று காதில் விழுந்திருக்கிறது. சொல்லிவிடலாம் என்கிறேன் நான். கூடவே கூடாது என்கிறார் கணவர். இது இரத்தத்தில் வருவதா? வரும் என்றால் அவளுக்குத் தெரிய வேண்டுமா?

ஓடக்காரன்:
உங்கள் கணவர் பக்கம் நான். அந்த வயதில் எதைக் கேட்டாலும் தனக்கே பொருத்திப் பார்ப்பார்கள். நாளைக்கு மதிப்பெண் குறைந்து இரண்டு நாள் அழுதால்கூட "எனக்கும் ஆரம்பித்துவிட்டது" என்று தோன்றும். தெரியாமல் இருந்தால் அது வெறும் அழுகையாகவே போய்விடும்.

மரபணுக் கதைகளையும் அப்படியே நம்ப வேண்டாம். மூளையில் செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் தொடர்பான ஒரு மரபணு வகை இருந்தால், கஷ்டம் வரும்போது மனச்சோர்வும் வரும் என்று 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. உலகமே கொண்டாடியது. 2019-இல் லட்சக்கணக்கானவர்களின் தரவை வைத்து, அதையும் சேர்த்து 18 பிரபல மரபணுக்களைச் சோதித்தார்கள். மனச்சோர்வோடு தொடர்பு காட்டுவதில், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மரபணுக்களைவிட அவை ஒன்றும் மேலாக இல்லை. இதை நம்பியா ஒரு பிள்ளையின் தலையில் பாரம் ஏற்றுவது?

கணக்குப்பிள்ளை:
2019 ஆய்வு பற்றி ஓடக்காரன் சொன்னது சரி. ஆனால் அதிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடம் தவறு. "மனச்சோர்வுக்கான மரபணு" என்று தனியாக ஒன்று இல்லை என்பதுதான் தெரிந்தது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வேறுபாடுகள் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. பரம்பரையே இல்லை என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

இரட்டையர் ஆய்வுகளில் பரம்பரையின் பங்கு மனச்சோர்வுக்கு 37% அளவிலும் மனச்சிதைவு நோய்க்கு (ஸ்கிசோஃப்ரினியா) 80% அளவிலும் வருகிறது. தற்கொலை சார்ந்த நடத்தைக்கு 30 முதல் 55% வரை. இந்த எண்களைத் தப்பாகப் படிக்காதவர் குறைவு. "உங்கள் மகளுக்கு வர 37% வாய்ப்பு" என்று இதற்கு அர்த்தமே கிடையாது. ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் தெரிகிற வித்தியாசத்தில் எவ்வளவு மரபணு வித்தியாசத்தால் வருகிறது என்பதுதான் கணக்கு. தனி ஆளுக்கு அதைப் பொருத்தவே முடியாது.

வளர்ப்புதானே காரணம் என்பவர்களுக்கு டென்மார்க் ஆய்வைச் சொல்வேன், 1979-இல் வெளிவந்தது. தத்துக் கொடுக்கப்பட்டு, பிறகு தற்கொலையால் இறந்தவர்களின் உறவினர்களைத் தேடிப் பார்த்தார்கள். வளர்த்த குடும்பத்தைவிடப் பெற்ற குடும்பத்தில்தான் தற்கொலைகள் அதிகம்.

ஓடக்காரன்:
சரி, பரம்பரை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஒற்றைக் கரு இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தாலும் பாதிக்குப் பாதி மற்றவருக்கு வருவதில்லை என்பதும் உண்மைதானே? மரபணு மொத்தமும் ஒன்றாக இருந்தும்! தெரிந்து என்ன செய்யப் போகிறாள்? மனநோயை உடல் காரணமாக, மரபணுக் காரணமாக விளக்கினால் நோயாளியைப் பழி சொல்வது குறைகிறது, ஆனால் "இது தேறாது" என்ற எண்ணம் கூடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் கண்டது இது. அந்த நம்பிக்கையின்மையைத்தான் 16 வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்கிறீர்களா?

அவசரக்காரன்:
எதற்கு இத்தனை விவாதம்? எச்சில் எடுத்து அனுப்பினால் மரபணுச் சோதனை முடிவு வந்துவிடுமே.

கணக்குப்பிள்ளை:
வரும், ஆனால் அதை வைத்து ஒருவருக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. தவிர, மரபணு வேறுபாடுகளைக் கூட்டி அதில் போடுகிற ஆபத்து மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் கட்டியவை. மற்றவர்களுக்கு இன்னும் மோசமாகத்தான் பொருந்தும். காசை மிச்சம் பிடியுங்கள். சித்தப்பா கதையை ஒழுங்காகக் கேட்டு வைத்தால் அதுவே இதைவிடப் பயன்படும்.

தூறல்:
நான் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை. சித்தப்பாவுக்குப் பதில் எங்கள் வீட்டில் தாய்மாமா.

17 வயதில் எனக்குச் சோர்வு வந்தது. படுக்கையை விட்டு எழவே முடியாது. ஒரு மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்று அவர் சரியாகத்தான் கேட்டார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே "யாருக்கும் இல்லை" என்றார். மருத்துவர் மனச்சோர்வு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் எனக்குத் தூக்கமே தேவைப்படவில்லை. உலகத்தையே மாற்றப் போகிறேன் என்று விடிய விடிய எழுதிக்கொண்டிருந்தேன், வாயைத் திறந்தால் மூட முடியவில்லை. இருமுனைக் கோளாறு உள்ளே இருப்பவருக்கு வெறும் மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தால் இப்படி மறுபக்கம் தூக்கி எறியக்கூடும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். மாமாவைப் பற்றி ஒரு வரி சொல்லியிருந்தால் வேறு மருந்தில் தொடங்கியிருப்பார். இப்போது மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மருந்தில் ஒன்பது வருடமாக நன்றாக இருக்கிறேன்.

மருத்துவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த பதில் பொய்.

ஓடக்காரன்:
தூறல், இதற்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனாலும் ஒன்று: மருத்துவரிடம் சொல்ல வேண்டியவர் உங்கள் அம்மா. பெற்றோருக்குத் தெரிந்தால் போதாதா? பிள்ளைக்கும் தெரிய வேண்டும் என்பது இதிலிருந்து வரவில்லையே.

தூறல்:
இரண்டு வருடம் கழித்து மாடிப்படி அக்காவின் மகள் படிக்க வெளியூர் போவாள். அங்கே மருத்துவர் முன் யார் உட்காருவார்? மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன என்று 2005-இல் அமெரிக்காவில் கணக்கெடுத்தார்கள். வீட்டை விட்டுப் போகிற வயதும் அதேதான்.

கணக்குப்பிள்ளை:
நம்பிக்கையின்மை பற்றி ஓடக்காரன் சொன்னது பெரிய விஷயம், அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் அது தங்கியிருக்கிறது. மனநோய்க்கென்றே மரபணு ஆலோசனை மையம் ஒன்றை 2012-இல் கனடாவின் வான்கூவரில் ஜெஹானின் ஆஸ்டின் தொடங்கினார். அவர் ஒரு ஜாடியைக் காட்டி விளக்குவார். பிறக்கும்போதே எல்லோர் ஜாடியிலும் கொஞ்சம் மரபணுக் கோலிக்குண்டுகள் இருக்கும், சிலருக்கு அதிகம். அதன்மேல் வாழ்க்கைக் கஷ்டங்கள் விழும். நிரம்பி வழிந்தால் நோய். தூக்கம், நெருங்கிய மனிதர்கள், வேளைக்குச் சிகிச்சை எல்லாம் ஜாடியின் விளிம்பை உயர்த்தும் வளையங்கள். 16 வயதுக்கு இது புரியும்.

இன்னொன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தனித்து வாழும் கிறித்தவப் பிரிவான ஆமிஷ் சமூகத்தில் 1880 முதல் 1980 வரை நடந்த 26 தற்கொலைகளைப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட முக்கால்வாசி நான்கே குடும்பங்களில். இதைத்தான் எல்லோரும் எடுத்துப் பேசுவார்கள். அதே ஆய்வில், மனநிலைக் கோளாறுகள் அதே அளவு நிறைந்த வேறு குடும்பங்களும் இருந்தன, அங்கே தற்கொலை இல்லை. நோய் வருவதும் உயிர் போவதும் வேறு வேறு. சித்தப்பாவிடமிருந்து எது வந்திருந்தாலும் அவர் முடிவு வந்திருக்க வேண்டியதில்லை.

பேசினால் எண்ணம் வந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். 2,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்டுப் பார்த்த ஆய்வு 2005-இல் வந்தது. கேட்டதால் அவர்களிடம் எண்ணம் கூடியதாகத் தெரியவில்லை.

நெறியாளர்:
இதைப் படிக்கும் யாருக்காவது உயிரை விடும் எண்ணம் இருந்தால், பதில் எழுதக் காத்திருக்காமல் இப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அல்லது உங்கள் நாட்டின் உதவி எண்ணை அழையுங்கள். தனியாக இருக்காதீர்கள். விவாதம் தொடரட்டும்.

ஓடக்காரன்:
நானாக இருந்தால் இன்னும் இரண்டு வருடம் பொறுப்பேன், அதில் மாறவில்லை. சொல்வதென்றே முடிவானால் எப்படி இறந்தார் என்ற விவரம் வேண்டாம். "நோய் இருந்தது, அதனால் இறந்தார்" என்பதற்கு மேல் அவள் கேட்டாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். அவரைத் தியாகி ஆக்கவும் வேண்டாம், கோழை ஆக்கவும் வேண்டாம்.

மாடிப்படி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு தூறல் எழுதியதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், தம்பி மாத்திரையை நிறுத்திவிட்டது தனக்கு முன்பே தெரியும் என்றார். "அப்பாவிடம் சொல்லிவிடாதே அண்ணா" என்று அவர் கெஞ்சினாராம், இவரும் சொல்லவில்லை. கல்யாணமாகி பத்தொன்பது வருடத்தில் இதை நான் கேள்விப்படுவது இதுதான் முதல் தடவை. மகளுக்காகத்தான் மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோட்டில் அந்தக் கட்டம் இன்னும் காலிதான், பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவருமாகச் சொல்வதாக இருக்கிறோம். முதலில் தானே பேசுகிறேன் என்கிறார்.

ஓடக்காரன்:
சாயங்காலம் வேண்டாம், காலையில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு உடனே தூங்கப் போகிற மாதிரி இருக்கக் கூடாது. அவள் திரும்பத் திரும்ப வந்து கேட்க ஒரு பகல் முழுக்க இருக்கட்டும்.