நோயாளி பாதுகாப்பு: 40 ஆய்வுத் தலைப்பில் எதை முதலில் எடுப்பது?

கேள்வி:
மருத்துவமனைத் தரக்குழுவிடம் 40 ஆய்வுத் தலைப்பு குவிந்திருக்கிறது: மருந்துத் தவறு, கீழே விழுதல், படுக்கைப்புண், ஷிப்ட் மாறும்போது விட்டுப்போகும் தகவல்... ஓட்டெடுத்தால் மூத்த மருத்துவர் சொன்னதே ஜெயிக்கும். வேறு வழி?

பதில் 1:
சி.எச்.என்.ஆர்.ஐ. (குழந்தைநல, ஊட்டச்சத்து ஆய்வு முன்முயற்சி) உருவாக்கிய, ஆய்வுக் கேள்விகளுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் முறையைப் பாருங்க. ஐந்து அளவுகோல்: ஆய்வால் விடை கிடைக்குமா, பலன் தருமா, நடைமுறைக்கு வருமா, பாதிப்பைக் குறைக்குமா, எல்லாருக்கும் சமமாச் சேருமா. ஆம் 1, இல்லை 0, தீர்மானிக்க முடியலைன்னா 0.5. விஷயமே தெரியாதுன்னா கட்டத்தைக் காலியா விடணும். அங்கேதான் பலர் 0 போட்டுக் கெடுக்கிறாங்க, சராசரி சரிஞ்சிடும். தனித்தனியா, பேர் தெரியாம போடச் சொல்லுங்க.

பதில் 2:
முதல்ல தலைப்பைக் கேள்வியா மாத்துங்க. 'மருந்துத் தவறு'க்கு எப்படி மதிப்பெண் போடுறது? 'இன்சுலின் போடும் முன் இரண்டு செவிலியர் தனித்தனியா சரிபார்த்தா அளவுத் தவறு குறையுமா?' இதுக்குப் போடலாம். சம்பவ அறிக்கை எண்ணிக்கையை மட்டும் நம்பாதீங்க. கட்டிலிலிருந்து விழுந்தது பதிவாகும், நோயைத் தாமதமாக் கண்டுபிடிச்சது பெரும்பாலும் பதிவாகாது.

பதில் 3:
நோயாளிகள் எங்கே? பிரிட்டனில் 2004-ல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் முறையில் நோயாளி, பராமரிப்பவர், மருத்துவர் சேர்ந்துதான் முதல் 10-ஐ எடுக்கிறாங்க. ஏற்கெனவே விடை உள்ளதைக் கழிச்சிடுவாங்க. கைகழுவல் பலன் தருமான்னு கேட்காதீங்க, வார்டில் ஏன் நடக்கலைன்னு கேளுங்க.