நம் ஊர் போலீசுக்கு ஹெலிகாப்டரே இல்லை, அப்புறம் ராத்திரியில் சுற்றுவது யாருடையது? (கோஸ்டா மேசா)

மேசா மாறன்:

எல்லோருக்கும் வணக்கம். தெற்குக் கலிஃபோர்னியா, ஆரஞ்சு கவுண்டியில் கோஸ்டா மேசாவின் மேற்குப் பக்கம், சாண்டா ஆனா ஆற்றை ஒட்டிக் குடியிருக்கிறோம். போன வருடக் கடைசியில்தான் இங்கே வந்தோம். இரவு பதினொரு மணிக்கு மேல் போலீஸ் ஹெலிகாப்டர் ஒன்று அடிக்கடி வந்து எங்கள் தெருவுக்கு மேலேயே வட்டமடிக்கிறது, வந்தால் லேசில் போவதில்லை, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, அதன் விளக்கு வெளிச்சம் பின்பக்க வேலியைத் தாண்டிச் சமையலறை வரைக்கும் வந்து போகிறது. சின்னவள் விழித்துக்கொண்டால் அவளை மறுபடி தூங்கவைப்பதற்குள் விடிந்துவிடும்போல் ஆகிவிடுகிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேட்டால் கோஸ்டா மேசா போலீசிடம் ஹெலிகாப்டரே கிடையாது, இருந்ததையும் கைவிட்டுப் பல வருடமாயிற்று என்கிறார். விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் செயலியில் தேடிப் பார்த்தேன். ஹண்டிங்டன் பீச் பக்கமிருந்து ஒரு கோடு நேராக வருகிறது, எங்கள் பகுதிக்கு மேலே நூல்கண்டு சுற்றியதுபோல் வட்டம் வட்டமாகக் கிடக்கிறது, அப்புறம் அப்படியே நியூபோர்ட் பீச் பக்கம் நீண்டு போகிறது. மூன்று ஊர், ஒரே ஹெலிகாப்டர்!

எனக்குத் தெரிய வேண்டியது: இந்தப் பங்கீடு எப்படி நடக்கிறது, காசு யார் கொடுக்கிறார்கள், இரண்டு ஊரில் ஒரே நேரத்தில் பிரச்சினை என்றால் யாருக்கு முதலில் வருவார்கள்? அப்புறம், என் வீட்டுக் கொல்லையை மேலே இருந்து இப்படிப் பார்க்க அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? போலீஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரி கட்டுகிறவன் என்ற முறையில் கேட்கிறேன்.

கடலோரக் கண்ணன்:

மாறன், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரி. இந்தக் கடலோர ஊர்களின் கதை கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு காலத்தில் கோஸ்டா மேசாவுக்கும் நியூபோர்ட் பீச்சுக்கும் தனித்தனியே போலீஸ் ஹெலிகாப்டர்கள் இருந்தன. இரண்டும் ஒட்டிக்கிடக்கும் ஊர்கள், சில இடங்களில் தெருவின் இந்தப் பக்கம் ஓர் ஊர், அந்தப் பக்கம் இன்னோர் ஊர். காரைத் திருடிக்கொண்டு ஓடுகிறவன் ஊர் எல்லையைப் பார்த்து நிற்கப்போவதில்லை, அதனால் துரத்தல் என்று வந்தால் இரண்டு ஊர் ஹெலிகாப்டர்களும் ஒரே வானத்தில் போய் நிற்கும். 1987 மார்ச்சில் அப்படி ஒரு திருட்டுக் காரைத் துரத்தும்போது இர்வைனுக்கு மேலே இரண்டும் மோதிக்கொண்டன. கோஸ்டா மேசா ஹெலிகாப்டரில் இருந்த மூன்று பேரும் இறந்துபோனார்கள், அதில் இரண்டு பேர் போலீஸ் அதிகாரிகள், ஒருவர் பறக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர். காரை ஓட்டிய ஆள் மேல் கொலைக் குற்றம் சுமத்தினார்கள், குற்றவாளி என்று தீர்ப்பும் வந்தது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவன் ஓடியதுதான் அந்தச் சாவுகளுக்குக் காரணம் என்று சொல்ல இடமிருக்கிறது, ஆனால் கொலைக்கு வேண்டிய தீய எண்ணம் நிரூபிக்கப்படவில்லை என்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அமெரிக்காவில் சட்டம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

1996இல் இரண்டு ஊரும் தங்கள் பிரிவுகளை ஒன்றாக்கி, ஏபிள் என்று சுருக்கமாகச் சொல்லப்பட்ட கூட்டு அமைப்பை உண்டாக்கின. பக்கத்திலிருக்கும் சாண்டா ஆனாவும் காசு கொடுத்து அந்தச் சேவையை வாங்கிக்கொண்டது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு நகராட்சிகளிடம் பணமில்லை, எதை வெட்டலாம் என்று தேடியபோது கண்ணில் பட்டதில் இதுவும் ஒன்று. 2011இல் ஏபிளைக் கலைத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் சொந்தமாக ஹெலிகாப்டர் வைத்திருக்கும் ஹண்டிங்டன் பீச் போலீசிடம் ஒப்பந்தம் போட்டு வாங்கும் வழக்கம் வந்தது. நீங்கள் செயலியில் பார்த்த கோட்டின் கதை இதுதான்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏபிள் இருந்தபோது அது நம் ஊரும் சேர்ந்து நடத்தியது, எப்போது பறக்க வேண்டும், எதற்குப் பறக்க வேண்டும் என்பதில் நம் நகர மன்றத்துக்கும் ஒரு குரல் இருந்தது. ஒப்பந்தம் என்றால் நாம் வாடிக்கையாளர், அவ்வளவுதான். செலவு குறைந்திருக்கலாம், பேசும் உரிமையும் கூடவே குறைந்துவிட்டது.

சுழலி:

நான் ஹெலிகாப்டர் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன் (போலீசில் இல்லை, தனியார் துறை). ஏன் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பதை இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஹெலிகாப்டர் வாங்குவது பெரிய செலவுதான், ஆனால் அதை வைத்துக் காப்பாற்றுவதுதான் முதுகை ஒடிக்கும். விசிறி இறக்கை, கியர் பெட்டி, எஞ்சின் பாகங்கள் என்று பலவற்றுக்கும் இத்தனை மணி நேரம் பறந்தால் கழற்றி மாற்ற வேண்டும் என்று கணக்கு இருக்கிறது, பார்க்கப் புதுசுபோல் இருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். ஒன்று பறக்கும்போது இன்னொன்று கொட்டகையில் பிரித்துப் போட்டபடி கிடக்கும். ஆகவே வானத்தில் எப்போதும் ஒன்று வேண்டுமென்றால் கையில் இரண்டு மூன்றாவது இருக்க வேண்டும். அதற்கு மேல் விமானிகள், மெக்கானிக்குகள், காப்பீடு. ஒரு லட்சம் பேர் இருக்கிற ஊர் தனியாக இதைத் தாங்குவது கஷ்டம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பர்பாங்க்கும் கிளெண்டேலும் சேர்ந்து ஒரே பிரிவாக நடத்துகிறார்கள், பாசடீனா போலீசோ சுற்றியிருக்கும் சின்னச் சின்ன ஊர்களுக்கும் சேர்த்துப் பறக்கிறது.

யாருக்கு முதலில் என்று கேட்டிருந்தீர்கள். விமானிக்குப் பக்கத்தில் இன்னோர் அதிகாரி உட்கார்ந்திருப்பார், கேமரா, விளக்கு, வரைபடம், ரேடியோ எல்லாம் அவர் கையில். பல ஊர்களின் அலைவரிசைகளையும் காதில் வைத்துக்கொண்டு பறப்பதால், யாரும் கூப்பிடும் முன்பே திரும்பிப் போய்விடுவதும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் அதற்கே முதலிடம், அது எந்த ஊரானாலும் சரி. பொதுவாக இப்படித்தான், ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அதைப் படித்தால்தான் சொல்ல முடியும்.

ஏன் அவ்வளவு நேரம் சுற்றுகிறது என்றால், பெரும்பாலும் கீழே ஒருவன் வேலி தாண்டி ஓடியிருப்பான். தரையில் இருக்கும் போலீஸ்காரர்கள் நான்கு மூலையையும் அடைத்து நிற்பார்கள், மேலே இருப்பவர் ஒவ்வொரு கொல்லையாகப் பார்த்துக்கொண்டு வருவார். வெப்பக் கேமராவில் எல்லாம் கறுப்பு வெள்ளைதான். இப்போதுதான் ஓட்டி நிறுத்திய கார் என்றால் முன்பக்கம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், நாய் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாக ஓடும், புதருக்குள் பதுங்கியவனின் முதுகோ முழங்காலோ இலைகளுக்கு நடுவே துண்டு துண்டாக மின்னும். வெயில் காலத்தில் பகலெல்லாம் சூடேறிய சுவரும் கல்லும் இரவிலும் வெள்ளையாகவே இருப்பதால் ஆளைப் பிரித்தறியக் கண் பழக வேண்டும். ஹெலிகாப்டர் ஓர் இடத்தில் நின்றால் ஒரு பக்கம்தான் தெரியும், மரத்துக்கும் சுவருக்கும் பின்னால் பார்க்க வேண்டுமென்றால் வட்டமடித்தே ஆக வேண்டும்.

சத்தத்தைப் பற்றி ஒன்று. ஹண்டிங்டன் பீச் பல வருடம் வைத்திருந்த எம்டி 520என் ரகத்துக்கு வாலில் விசிறி கிடையாது, காற்றைப் பீய்ச்சித் திசை திரும்பும். அந்த வால் விசிறியின் கிறீச்சொலி இல்லாததால் மற்றவற்றைவிட அது அமைதியானது. அந்த ரக ஹெலிகாப்டர்தான் 2022 பிப்ரவரி 19 மாலை நியூபோர்ட் பீச்சில் ஒரு சண்டைத் தகராறு என்ற அழைப்புக்குப் போனபோது தண்ணீரில் விழுந்தது. 14 வருடம் பணியிலிருந்த அதிகாரி ஒருவர் இறந்தார், விமானி பிழைத்தார். ஹண்டிங்டன் பீச் அதிகாரி பக்கத்து ஊரின் அழைப்புக்குப் போய் உயிரை விட்டார் என்பதை, காசு யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கும்போது நாம் மறக்கக் கூடாது.

லீட்ஸ் வாசகி:

நான் இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன். இங்கே இரண்டு மூன்று ஊர் என்றில்லாமல் நாடு முழுவதுக்கும் இதைச் செய்து பார்த்தார்கள், அதன் பலனும் வலியும் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முன்பு பெரும்பாலான காவல்துறைகள் தனியாகவோ, பக்கத்து மாவட்டத்தோடு சேர்ந்தோ ஹெலிகாப்டர் வைத்திருந்தன. 2012 அக்டோபரில் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதுக்கும் ஒரே தேசிய விமானப் பிரிவு தொடங்கி, அதை நடத்தும் பொறுப்பை எங்கள் வெஸ்ட் யார்க்‌ஷயர் போலீசிடம் கொடுத்தார்கள். எல்லை என்ற தடை போயிற்று, யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் போவார்கள். கேட்க நன்றாக இருந்தது, சில இடங்களில் நன்றாகவும் நடந்தது.

ஆனால் செலவைக் குறைக்கிறோம் என்று தளங்களை மூடிக்கொண்டே வந்தார்கள், 2017க்குள் 15 தளங்கள்தான் மிச்சம். மேற்கு வேல்ஸில் பெம்ப்ரே தளத்தை மூடியபோது அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கார்டிஃப் பக்கமிருக்கும் செயின்ட் ஆத்தனிலிருந்து வர வேண்டியதாயிற்று. ஓடுகிறவனைப் பிடிக்க வேண்டிய வேலையில் இருபது நிமிடம் தாமதம் என்றால் வராமலே இருக்கலாம். 2017இல் காவல்துறைகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பு வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் கடுமையாகச் சொன்னது, ஹெலிகாப்டர் போய்ச் சேரும் முன்பே தேவையில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட அழைப்புகள் அவ்வளவு. கட்டணத்தைப் பிரித்த விதம் நியாயமாக இல்லை என்றும் பல காவல்துறைகள் சண்டை போட்டன.

எனவே பகிர்வதா வேண்டாமா என்பதைவிட, எவ்வளவு தூரத்துக்குப் பகிர்வது என்று பாருங்கள். உங்கள் மூன்று ஊரும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன, கொடுத்துவைத்தவர்கள்.

நகரக் கணக்கு:

எல்லோரும் ஹெலிகாப்டர் தேவை என்பதை முடிவாக எடுத்துக்கொண்டே பேசுகிறீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தணிக்கை அலுவலகம் 2023 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள். அந்த ஊர் போலீசிடம் 17 ஹெலிகாப்டர்கள், வருடத்துக்குச் சராசரியாக 4 கோடியே 66 லட்சம் டாலர் செலவு, ஒரு மணி நேரம் பறக்க ஏறக்குறைய 2,916 டாலர். பறந்த நேரத்தில் 61 சதவீதம் முக்கியத்துவம் குறைந்த வேலைகளுக்குப் போயிருக்கிறது. ரோந்து சுற்றுவதால் குற்றம் குறைகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். அங்கே எந்நேரமும் அந்தச் சத்தத்தின் கீழே தூங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏழை மக்கள், எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

சான் டியேகோ பக்கம் சூலா விஸ்டா போலீஸ் 2018லிருந்து அவசர அழைப்பு வந்ததும் கூரையிலிருந்து ட்ரோனை அனுப்புகிறது. செலவு எத்தனையோ மடங்கு குறைவு, யார் வீட்டு ஜன்னலும் அதிராது. பேட்டரி சீக்கிரம் தீரும், வேகமாகப் போகும் காரைத் தூரம்வரை துரத்த முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு கொல்லையில் ஒளிந்தவனைத் தேட அது போதாதா?

சுழலி:

நகரக் கணக்கு சார், கொல்லைத் தேடலுக்கு ட்ரோன் போதும், ஒத்துக்கொள்கிறேன். நெடுஞ்சாலையில் ஒருவன் தறிகெட்டு ஓட்டும்போது, மேலே ஹெலிகாப்டர் இருந்தால் கீழே போலீஸ் கார்கள் பின்வாங்கி மெதுவாக வரலாம். துரத்தலில் சாகிறவர்களில் வழியே போகிற அப்பாவிகளும் இருக்கிறார்கள். அந்த ஒரு வேலைக்கு இன்னும் மாற்று வரவில்லை.

வெண்பா:

கொல்லைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986இல் கலிஃபோர்னியா வழக்கு ஒன்றில், பொது வான்வழியில் 1,000 அடியில் பறந்து வெறுங்கண்ணால் கொல்லையைப் பார்க்க வாரண்ட் வேண்டாம் என்றது. 1989இல் ஃப்ளோரிடா வழக்கில் 400 அடியில் பறந்த ஹெலிகாப்டருக்கும் அதையே சொன்னது. ஆனால் 2001இல், வெப்பக் கேமராவைக் கொண்டு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய வாரண்ட் கட்டாயம் என்று தீர்ப்பு வந்தது. ஆக, கொல்லை அவர்கள் பார்வைக்குத் திறந்ததுதான், சுவருக்கு உள்ளே உங்களுடையது. எனக்கு அந்த முதல் இரண்டு தீர்ப்புகளும் பிடிக்கவில்லை, ஆனால் நடைமுறை அதுதான்.

மேசா மாறன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு விஷயம் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. சத்தம் பற்றி ஒரு தடவை ஓர் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன், இன்னொரு ஊரைக் கேளுங்கள் என்று வைத்துவிட்டார்கள். கண்ணன் சார், யாரிடம் போய் என்ன கேட்பது?

கடலோரக் கண்ணன்:

அந்த ஃபோன் அனுபவம்தான் நான் சொன்ன வருத்தம், மாறன். ஹெலிகாப்டர் யாருடையதோ அவர்கள் உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை, ஏனென்றால் நீங்கள் அந்த ஊர் வாக்காளர் இல்லை. ஆகவே சொந்த ஊர் நகர மன்றத்திடமே போங்கள். கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள், அதற்கு முன்னால் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் நகர எழுத்தருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு ஒப்பந்தத்தின் நகலை வாங்கிவிடுங்கள். மணிக்கணக்கில் காசா, வருடத்துக்கு மொத்தமாகவா என்று முதலில் பாருங்கள். மொத்தமாக என்றால் காரணமில்லாமல் கூப்பிட யாருக்கும் தயக்கம் இருக்காது. அப்புறம், நம் ஊருக்கு எத்தனை தடவை வந்தது, எதற்காக வந்தது, ஆளைப் பிடித்தார்களா என்ற கணக்கு மாதாமாதம் நம் மன்றத்துக்கு வருகிறதா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நானும் வருகிறேன், கூட்டத் தேதி தெரிந்ததும் இங்கேயே போடுங்கள்.