ஹிவ்ரே பஜார் பயணமும் ஊர்ச் சாப்பாடும்: சில ஐயங்கள்

கேள்வி:
வணக்கம். எங்கள் உழவர் குழுவில் பன்னிரண்டு பேர் மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்திலுள்ள ஹிவ்ரே பஜாருக்குச் செல்ல இருக்கிறோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 400 மில்லிமீட்டர் மழையே பெறும் ஓர் ஊர் தன் கிணறுகளை எப்படி மீட்டுக்கொண்டது என்பதை நேரில் பார்க்க ஆசை. எந்த மாதம் செல்வது நல்லது? அங்கே ஒரு வீட்டில் சாப்பிட விரும்புவது அவர்களுக்குச் சுமையாகுமா?

பதில் 1:
மழைக்குப் பிந்தைய மாதங்களில் எந்த ஊரும் பச்சையாகத்தான் இருக்கும். ஆகவே நான் மே மாதத்தில் சென்றேன். முதலில் குன்றுகளில் ஏறி, மழைநீர் வழிந்தோடாமல் நிலத்தில் இறங்குவதற்காகச் சம உயரக் கோட்டில் வெட்டப்பட்ட அகழிகளைப் பாருங்கள். 1989-இல் போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரான பிறகு தொடங்கிய பணிகளில், மக்களின் உடலுழைப்போடு அரசின் வேலை உறுதித் திட்டப் பணமும் சேர்ந்தது. மரம் வெட்டுவதையும், ஆடுமாடுகளைக் கண்டபடி மேயவிடுவதையும், பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடுவதையும் ஊரே கூடித் தடுத்திராவிட்டால், அகழிகள் மட்டும் தண்ணீரை நிறுத்தியிருக்க மாட்டா என்பது என் உறுதியான எண்ணம்.

சாப்பாட்டுக்குக் கம்பு மாவு ரொட்டியான பாக்ரியும், கடலை மாவில் கிளறிய பிட்லாவும், பச்சை மிளகாயும் பூண்டும் இடித்த தேச்சாவும் கிடைத்தன. அந்த வீட்டு அம்மா மாவைக் கையால் தட்டி விரித்துக் கல்லில் போட்டதும், மேற்புறம் முழுவதும் ஈரக்கையால் தடவினார். ஈரம் உலரும் நேரம் பார்த்துத் திருப்பிவிட்டுத் தணலில் காட்டியபோது பாக்ரி பந்துபோல் உப்பியது. வெங்காயத்தை நறுக்கவில்லை, கைமுட்டியால் ஒரே குத்தில் உடைத்து வைத்தார்.

பதில் 2:
அந்தத் தட்டில் கம்பு இருந்ததற்கும் ஊரின் தண்ணீர்க் கணக்குக்கும் தொடர்புண்டு. ஆண்டுதோறும் பெய்த மழையை அளந்து, மனிதருக்கும் கால்நடைக்கும் குடிநீரை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதற்கு ஏற்ற பயிரையும் பரப்பையும் கிராம சபையில் முடிவு செய்கிறார்கள். தண்ணீரை அதிகம் குடிக்கும் கரும்பையும் வாழையையும் தவிர்த்துவிட்டார்கள். ஆகவே ஒரு வேண்டுகோள்: அரிசிச் சோறு கேட்காதீர்கள். எங்கள் குழுவில் ஒருவர் கேட்டுவிட, நாங்கள் சாப்பிட்ட வீட்டு அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய் அரிசி வாங்கி வந்து வடித்துப் போட்டார். அதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

பதில் 3:
சாப்பிட்டு முடித்த பிறகு பணத்தை நீட்டினால் வாங்க மாட்டார்கள், ஐயா. இரு தரப்புக்கும் சங்கடம். முன்னதாகவே ஊராட்சி அலுவலகத்துக்குத் தெரிவித்து, தலைக்கு எவ்வளவு என்று பேசிக்கொண்டு செல்லுங்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரே அடுப்பில் பாக்ரி தட்டுவது பெரும்பாடு.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. மே மாதமே செல்கிறோம். நால்வர் நால்வராகப் பிரிந்து மூன்று வீடுகளில் சாப்பிட ஊராட்சியிடம் கேட்டு எழுதுகிறேன். அரிசியைப் பற்றிக் குழுவினரிடம் இன்றே சொல்லிவிடுகிறேன்.