புதுப்பிப்பு: பழைய பிக்கப்பில் முன்சக்கர பிரேக் விடாத சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வீட்டில் வைத்துப் புதுப்பித்துவரும் பழைய டிரம் பிரேக் பிக்கப்பில், கொஞ்ச தூரம் ஓடியதும் இடது முன்சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டு சூடாகிறது என்று கேட்டிருந்தேன். பிரேக் ஷூவைப் பின்னிழுக்கும் ஸ்பிரிங், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் இரண்டும் புதிது போட்டும் பலனில்லை.

காரணம் பிரேக் ஹோஸ், அதாவது சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் குழாய். அம்பாசமுத்திரம் அண்ணாச்சி சொன்ன சோதனைதான் கைகொடுத்தது. சக்கரம் பிடித்திருக்கும்போதே சேசிஸ் பக்கம் ஹோஸுக்கு முந்தைய யூனியனை (குழாய் இணைப்பை) தளர்த்தினேன், சக்கரம் அசையவில்லை. அப்புறம் வீல் சிலிண்டரின் பிளீடர் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் திருகை) திறந்ததும் எண்ணெய் பீய்ச்சியடித்தது, சக்கரம் சுற்றியது. அப்படியானால் அடைப்பு நடுவில்தான். ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால், வெளியே ஒரு வெடிப்பு கிடையாது, உள்ரப்பர் உப்பி வழியை மூடியிருக்கிறது. மிதிக்கிற அழுத்தத்தில் எண்ணெய் போய்விடும், திரும்பி வராது.

இரண்டு பக்கமும் ஹோஸ் மாற்றி, பிரேக் லைனில் புகுந்த காற்றை எடுத்தாயிற்று. பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் போய்வந்து தொட்டுப் பார்த்தேன், இரண்டு டிரம்மும் ஒரே சூடு.

எதிர்பாராதது ஒன்று: பீய்ச்சிய எண்ணெய் பட்ட இடத்தில் மட்கார்டின் புது பெயிண்ட் உப்பி உரிந்துவிட்டது. டாட் 3 வகை பிரேக் எண்ணெய் பெயிண்டைத் தின்னும். துணியால் துடைத்தால் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.