முதல் சப்ளையர் ஆடிட்: ஒரே நாளில் எங்கிருந்து தொடங்குவது?

தூத்துக்குடியில் ஒரு நண்டு ஏற்றுமதி கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். வரும் வியாழன் மண்டபம் பக்கம் நீலக்கால் நண்டு வேகவைத்து சதை எடுத்துத் தரும் ஒரு கொட்டகையை ஆடிட் செய்யணும். தனியாக. முதல் தடவை. புதன் கடலுக்குப் போன விசைப்படகுகள் அன்று காலை கரைக்கு வரும் என்பதால் வேலை நடப்பதைப் பார்க்கலாம்.

சிக்கல் இதுதான்: இரண்டு மாதமாக மூன்று லாட் சதையில் பாக்டீரியா எண்ணிக்கை கூடுதல். அவர்கள் அனுப்பிய வெப்பநிலைப் பதிவேட்டிலோ தினமும் 4 டிகிரி. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. கரண்ட் போன நாளிலும் 4 டிகிரிதான்!

ஹச்ஏசிசிபி (உணவில் ஆபத்து எங்கே வரும் என்று பார்த்துத் தடுக்கும் முறை) செக்லிஸ்ட் எடுத்து 60 கேள்வியாகச் சுருக்கினேன். தெர்மாமீட்டரை நொறுக்கிய ஐஸ் தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டேன். ஐஸ், தண்ணீர் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டு இரண்டு முறை போன் செய்தேன். "வாங்க தம்பி, நேர்ல பாத்துக்கலாம்" என்கிறார் ஓனர். நல்ல மனுஷன், அதுதான் கஷ்டம்.

இருப்பது ஆறு மணி நேரம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: முதலில் பதிவேட்டில் உட்காரணுமா, இல்லை நேராக நண்டு ஆறவைக்கும் இடத்துக்குப் போகணுமா?